உள்ளிருந்து உண்ணும் துரு

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில், சில கல் தொலைவு உள்ளே தள்ளி அமைந்திருக்கிறது பிரம்மதேசம். இங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆயினும் கடல் அருகில்தான் இருக்கிறது என்பதை இங்குள்ள ஒவ்வோர் இரும்புத் துண்டும் அறியும். உப்பளப் பாத்திகளின்மேல் தவழ்ந்து வரும் கீழைக்காற்று கண்ணுக்குத் தெரியாத உப்பைச் சுமந்து வருகிறது. சன்னல் கம்பிகளிலும் மிதிவண்டிச் சக்கரங்களிலும் கிணற்று உருளைகளிலும் அதைப் படிய வைத்துவிட்டுப் போகிறது. உள்நாட்டு ஊர்களில் தலைமுறை கடந்து நிற்கும் கம்பிவேலி, இங்கே பிள்ளை வளர்ந்து ஆளாகுமுன் பொடியாய் உதிர்ந்துவிடுகிறது.

இக்கரையில் வாழ்வோர் இதற்காகப் பெரிதும் வருந்துவதில்லை. திருவிழா நெருங்கும்போது உப்புத்தாள் கொண்டு தேய்த்து, சிவப்பு ஆக்சைடு அடித்து, அதன்மேல் பச்சையோ நீலமோ எனாமல் பூசிவிட்டால் ஓராண்டுக்குக் கவலையில்லை. வீட்டுச் சன்னலுக்கு இது போதும். கம்பி உளுத்துப் போனால் வேறு கம்பி மாட்டிக்கொள்ளலாம், யாருக்கும் தீங்கில்லை. ஆனால் இதே துரு, நூற்றுக்கணக்கான டன் அமிலத்தைத் தாங்கி நிற்கும் இரும்புத் தொட்டி ஒன்றை உள்ளிருந்து உண்ணத் தொடங்கினால் என்ன ஆகும்? அத்தொட்டியை எவ்வாறு செப்பனிடுவது? செப்பனிட அதனுள் இறங்குபவர் யார்? இவ்வினாக்களை நாமாகத் தேடிச் செல்லவில்லை. நம் பங்கு மக்களுள் ஒருவர்தாம் அவற்றை நம் வாசலுக்குக் கொண்டுவந்தார்.

'உண்ணும்' என்ற சொல்லை அணிக்காக ஆளவில்லை. குருமடத்தில் கிரேக்கம் பயின்ற நாள்களில், மத்தேயு நற்செய்தியில் பூச்சியோடு சேர்த்துக் கூறப்படும் துருவுக்கு மூலமொழியில் உள்ள சொல் 'ப்ரோசிஸ்' என்று அறிந்தோம். அதன் நேர்ப்பொருள் 'உண்ணுதல்' என்பதே. பொறியாளர்கள் வழங்கும் 'கரோஷன்' என்ற சொல்லும் இலத்தீன் மொழியில் 'கறித்துத் தின்னுதல்' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. நம் தமிழிலோ 'அரிமானம்' என்கிறோம். அரித்தலும் தின்னுதலே அன்றோ! மூன்று மொழியாரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே உண்மையைக் கண்டிருக்கின்றனர். இரும்பு தானாகத் தேய்ந்து போவதில்லை. அதை ஏதோ ஒன்று உண்கிறது.

நம் பங்கைச் சேர்ந்த அந்த அன்பரை 'மேஸ்திரி' என்றே இங்குக் குறிப்பிடுவோம். வேலையிடத்திலும் ஊரிலும் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. நம் வயதினர். தந்தையார் உப்பளத் தொழிலாளி. ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கிவிட்டால் பாத்திகளில் வேலை நின்றுவிடும்; உப்பு வாரும் கைகளுக்குக் கூலி இராது. அத்தகைய ஒரு மழைக்காலத்தில், மீசை அரும்பிய பருவத்தில், ஒப்பந்தக்காரர் ஒருவரைப் பின்பற்றித் தொழிற்சாலை வேலைக்குப் போனவர், பிறகு உப்பளத்துக்குத் திரும்பவில்லை. வெல்டிங் கற்றார், இரசாயனத் தொட்டிகளைச் செப்பனிடும் குழு ஒன்றுக்குத் தலைவரானார். ஆலைகள் ஆண்டுக்கு ஒரு முறை இயக்கத்தை நிறுத்திப் பழுது பார்க்கும் 'ஷட்டவுன்' நாள்களில் அவருக்கு அழைப்பு வரும். கடலூர், மணலி, எண்ணூர் என்று அவர் போய்வராத தொழிற்பேட்டை இல்லை.

உப்பளத்து மகன் இரசாயனத் தொட்டிக்குப் போனதில் பொருத்தம் ஒன்று உண்டு. உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் ஹைட்ரஜனும் கிடைக்கின்றன. குளோரினையும் ஹைட்ரஜனையும் சேர்த்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மேட்டூரிலும் தென்கோடியில் சாகுபுரத்திலும் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் தொழில் இது. சோப்பு, காகிதம், குடிநீர்ச் சுத்திகரிப்பு என்று நம் வீடு வரை அதன் பயன் நீள்கிறது. ஆகவே, 'இரசாயனம் யாருக்கோ உரியது' என்று உப்புக்கரை மக்கள் சொல்லிவிட முடியாது. 2023ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், சாராயம் என்று விற்கப்பட்ட மெத்தனால் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. தொழிற்சாலைக்குரிய திரவம் தனக்குரிய கலத்தைவிட்டு வெளியேறினால் என்ன நேரும் என்பதை அந்த வாரம் நம் கரை முழுவதும் அழுதுகொண்டே கற்றது. அந்தத் திரவங்களை அவற்றிற்குரிய இடத்தில் நிறுத்தி வைப்பது ஒரு தகடு. அத்தகட்டின் நலமே மேஸ்திரியின் தொழில்.

தகடு எவ்வாறு கெடுகிறது என்பதை அவர் வாயிலாகவும், பிறகு நூல்கள் வாயிலாகவும் அறிந்தபோது வியப்பே மிகுந்தது. செறிந்த கந்தக அமிலத்தைச் சாதாரண எஃகுத் தொட்டியிலேயே வைக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு செறிவுள்ள அமிலம் இரும்பைத் தொட்டவுடன் அதன்மேல் இரும்பு சல்பேட்டு என்ற மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. பகைவனே எழுப்பிய அந்தச் சுவர்தான் தகட்டை அதே பகைவனிடமிருந்து காக்கிறது. ஆனால் அமிலத்தில் நீர் கலந்தால் படலம் கரைந்துவிடும். நீர்த்துப்போன அமிலம் செறிந்த அமிலத்தைவிடப் பன்மடங்கு வேகமாக இரும்பை உண்ணும். உண்ணும்போதே ஹைட்ரஜனை வெளியிடும். கடற்கரையின் ஈரக்காற்று மூச்சுக்குழாய் வழியே தொட்டிக்குள் நுழைந்தால் போதும். மேல்மட்டத்து அமிலம் நீரை உறிஞ்சி நீர்த்துப்போகும். எனவே, அமிலம் தொடாத கூரையும் அமிலம் ஏறி இறங்கும் விளிம்பும் முதலில் கெடுவதுண்டு.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் கதை வேறு. அது எஃகை எந்த நிலையிலும் விட்டுவைக்காது. ஆகவே தொட்டியின் உட்புறம் முழுவதும் ரப்பர் ஒட்டுகிறார்கள். அந்த ரப்பரில் ஊசிமுனையளவு துளை ஒன்று விழுந்தால் போதும். அமிலம் அவ்வழியே புகுந்து, ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையே ஓசையின்றி வேலை செய்யும். உள்ளே பார்ப்பவருக்கு ரப்பர் தெரியும்; வெளியே பார்ப்பவருக்கு வண்ணம் தெரியும். இரண்டுக்கும் நடுவில் தகடு இல்லாமற் போய்க்கொண்டிருக்கும். "வெளிய பாத்தா புது மாப்பிள்ளையாட்டம் இருக்கும் சாமி. சுத்தியால ஒரு தட்டு தட்டினா, மணி ஓசை வராது, சொத்தைப் பூசணிக்கா ஓசை வரும்" என்றார் மேஸ்திரி.

அடித்தகட்டின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. உள்ளே படியும் சேறும் நீரும் மேலிருந்து உண்ண, மழைநீரும் மண்ணின் உப்பும் அடியிலிருந்து உண்ணும். அரிப்பு எங்கும் ஒரே சீராக நடப்பதில்லை என்பது மற்றொரு சிக்கல். தகட்டின் பெரும்பகுதி முழுக் கனத்தோடு இருக்க, ஓரிடத்தில் மட்டும் குழி விழுந்து ஆழமாகிக்கொண்டே போகும். சராசரி எடுத்துப் பார்த்தால் எல்லாம் நலம். ஒழுகுவதோ சராசரி வழியாக அன்று, குழி வழியாகவே. ஒரு குடும்பத்தையோ ஒரு பங்கையோ ஓர் ஊரையோ சராசரி கொண்டு அளந்துவிட்டு, 'பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது' என்று நிறைவடையும் வழக்கம் நமக்கும் உண்டன்றோ? குழி விழுந்த இடம் எது என்று கேட்பதே உண்மையான விசாரணை.

இனி, செப்பனிடும் முறை. முதல் வேலை காலி செய்தல். பிறகு திறத்தல், கழுவுதல். கந்தக அமிலத் தொட்டியைக் கழுவும்போதே ஆபத்து பிறக்கிறது. ஒட்டியிருக்கும் அமிலத்தில் நீர் பட்டவுடன் அது நீர்த்து, தகட்டை உண்டு, ஹைட்ரஜனை எழுப்பும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறி ஒன்றில் அது வெடிக்கும். எனவே அமிலத்தை முறிக்கவேண்டும்; காற்றை ஓடவிடவேண்டும்; கருவி கொண்டு சோதித்துத் தேறிய பிறகே நெருப்பைக் கொண்டுவரவேண்டும். 'சுத்தம் செய்துவிட்டோம், இனி அச்சமில்லை' என்று எண்ணும் நேரமே அஞ்சவேண்டிய நேரம்.

அடுத்தது அளத்தல். தகட்டின்மேல் மீயொலிக் கருவியை வைத்தால், ஒலி உள்ளே சென்று மறுமுகத்தில் மோதித் திரும்பும் நேரத்தைக் கொண்டு எஞ்சியிருக்கும் கனத்தை அது சொல்லும். ஒவ்வோர் இடத்திலும் அந்த எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் தகட்டின்மேலேயே எழுதி வைப்பார்கள். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் 1991ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட 653ஆம் எண் நெறிமுறையை நம் நாட்டு ஆலைகள் பலவும் பின்பற்றுகின்றன. ஒழுக்கைத் தடுக்கவோ கண்டறியவோ வேறு ஏற்பாடு இல்லாத அடித்தகடு, அடுத்த ஆய்வு நாள் வரும்போதும் இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது அதன் விதி. 'இன்று எவ்வளவு இருக்கிறது?' என்று கேட்டு அது நின்றுவிடுவதில்லை. 'மறுபடியும் நீ வந்து பார்க்கும் நாளில் எவ்வளவு இருக்கும்?' என்று கேட்கிறது. நல்ல ஆன்ம ஆய்வுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

அதன் பின்னரே வெட்டுதல். கெட்டுப்போன தகட்டின்மேல் புதுத் தகட்டை ஒட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் துருவின்மேல் வைத்த பற்று நிற்காது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போகவேண்டும். "கெட்டதுல நின்னா கெட்டது, நல்லதுல நின்னாத்தான் நல்லது" என்பது மேஸ்திரியின் சூத்திரம். வெட்டிய இடத்தில் பொருத்தும் துண்டின் மூலைகள் கூராக இருத்தலாகாது, வளைத்து வெட்டவேண்டும். கூர்மூலையில் தொட்டியின் இழுவிசை முழுவதும் வந்து குவிந்து அங்கிருந்தே விரிசல் புறப்படும். பழையதும் புதியதும் சேரும் இடத்தில் கூர்மை கூடாது என்ற இவ்விதியை வாழ்க்கைக்கும் எடுத்துச் செல்லலாம் என்று நாம் சொன்னபோது, "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க சாமி, மூலை வச்சா வெடிக்கும்" என்று சிரித்தார்.

பற்றவைத்த பிறகு சோதனைகள். அடித்தகட்டின் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, கண்ணாடி மூடியிட்ட பெட்டியை அதன்மேல் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சினால், துளை இருக்கும் இடத்தில் குமிழி எழும். ரப்பர் ஒட்டிய தொட்டியில் உயர் மின்னழுத்தத் தூரிகையை ஓட்டினால், ஊசித்துளை இருக்கும் இடத்தில் பொறி பாயும். இறுதியாக நீர் நிரப்பி, நாள் கணக்கில் நிறுத்திப் பார்ப்பார்கள். அமிலம் கண்டுபிடிக்கும் குறையைத் தண்ணீர் முன்னதாகக் கண்டுபிடிக்கட்டும் என்பதே கருத்து.

வண்ணம் பூசுவது கடைசியில்தான் வருகிறது. அங்கும் உப்பு காத்திருக்கிறது. துகள்களை வேகமாக வீசித் துருவை அகற்றிய தகடு வெள்ளிபோல் மின்னும். ஆனால் கடற்கரையில், கண்ணுக்குத் தெரியாத உப்பு அந்த மின்னலிலும் ஒட்டியிருக்கும். அதை நன்னீரால் கழுவி அகற்றாமல் வண்ணம் பூசினால், உள்ளே சிக்கிய உப்பு வண்ணத்தின் ஊடாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சில மாதங்களில் மேற்பரப்பெங்கும் கொப்புளம் எழும். கொப்புளத்தைக் குத்தினால் உள்ளே நீரும் துருவும். நம் கரையின் உப்பு மேல்பூச்சை நம்பி ஏமாறுவதில்லை, ஏமாறுபவர் நாமே.

வண்ணத்தைக் கொண்டு ஒழுக்கை மறைக்க முயன்ற கதை அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் நடந்தது. தொழிற்சாலைச் சாராயம் வடிப்பதற்கான கழிவுப்பாகைச் சேமிக்க 1915ஆம் ஆண்டில் அங்கே ஐம்பது அடி உயரத்தில் ஒரு தொட்டி எழுப்பினார்கள். தகடுகள் வேண்டிய கனத்தைவிட மெலிந்தவை. நீர் நிரப்பிச் சோதிக்கவேண்டியவர்கள் அடியில் சில அங்குலம் நிரப்பியதோடு விட்டுவிட்டார்கள். முதல் நாளிலிருந்தே தொட்டி ஒழுகியது. ஒழுகிய பாகை அக்கம்பக்கத்துக் குழந்தைகள் பாத்திரத்தில் பிடித்துச் சென்றார்கள். ஒழுகுகிறது என்று முறையிட்டபோது, தொட்டிக்குப் பாகின் நிறத்திலேயே பழுப்பு வண்ணம் பூசப்பட்டது! 1919ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் தொட்டி பிளந்தது. தெருவில் பாய்ந்த பாகின் அலையில் 21 பேர் மாண்டனர். அங்குக் குற்றவாளி துரு அன்று. ஆனால் ஒழுக்கைக் கண்ட மனிதர் செய்தது, துருவைக் கண்ட மனிதர் செய்வதே.

துருவே குற்றவாளியான வழக்கு அண்மைக்காலத்தது. 2014ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகர மக்கள் காற்றில் அதிமதுர வாசனையை உணர்ந்தனர். எல்க் ஆற்றங்கரையில் 'ஃபிரீடம் இண்டஸ்டிரீஸ்' என்ற நிறுவனத்தின் பழைய தொட்டி ஒன்றின் அடித்தகட்டில், உட்புறமிருந்து அரித்த குழிகள் இரண்டு துளைகளாகிவிட்டிருந்தன. நிலக்கரி கழுவப் பயன்படும் இரசாயனம் ஏறத்தாழப் பத்தாயிரம் காலன் கசிந்தது. ஆற்றில் சற்றுக் கீழேதான் நகரின் குடிநீர் எடுக்கும் இடம். சுமார் மூன்று இலட்சம் மக்களுக்குக் குழாய் நீரைக் குடிக்கவும் குளிக்கவும் தடை வந்தது. பின்னர் ஆராய்ந்த அமெரிக்க அரசின் இரசாயன விபத்து வாரியத்துக்கு, அத்தொட்டிகள் முறைப்படி ஆய்வு செய்யப்பட்டதற்கான பதிவு எதுவும் கிடைக்கவில்லை. துளை சிறியது. ஆனால் அதைத் திறந்து பார்க்காமல் கழித்த ஆண்டுகள் பல.

இதுவரை தகட்டைப் பற்றிப் பேசினோம். இனி தகட்டுக்குள் இறங்கும் மனிதரைப் பற்றிப் பேசவேண்டும்.

மூடிக்கிடக்கும் இரும்புத் தொட்டியில் நச்சுப்புகை எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். வெறும் துரு மட்டுமே இருக்கிறது. அப்போதும் அது கொல்லும். இரும்பு துருப்பிடிக்க வேண்டுமானால் பிராணவாயு வேண்டும். மூடிய தொட்டிக்குள் துரு அந்த வாயுவைச் சிறுகச் சிறுக எடுத்துக்கொள்கிறது. வெளிக்காற்றில் நூற்றுக்கு இருபத்தொன்றுக்கு மிக அருகில் இருக்கவேண்டியது, உள்ளே பத்தொன்பதரைக்குக் குறைந்தாலே இறங்கலாகாது என்பது விதி. மிகவும் குறைந்திருந்தால் இறங்கியவருக்கு மூச்சுத் திணறும் உணர்வுகூட வராது. கால் மடங்கி விழுவார், அவ்வளவே. துரு முதலில் இரும்பை உண்கிறது. பிறகு காற்றை உண்கிறது. பிறகு ஆளை உண்கிறது.

விழுந்தவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார். அவரும் விழுவார். இத்தகைய மூடிய இடங்களில் இறப்போரில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்காவின் தொழில் நல ஆய்வு நிறுவனம் 1986ஆம் ஆண்டில் எச்சரித்தது. நம் ஊர்களில் கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளைப் பற்றிய செய்திகளைப் படிப்போர்க்கு இது புதிதன்று. ஒருவர், அவரைத் தேடி இன்னொருவர், அவர்களைத் தேடி மூன்றாமவர். அன்பினால் குதிக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்பைக் கயிறாக முன்னமே கட்டி வைத்திருந்தால் யாரும் குதிக்கவேண்டியிராது.

இக்கயிறு நம் கற்பனை அன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 36ஆம் பிரிவில் இதைத் தெளிவாக எழுதி வைத்தது: புகை அகற்றப்பட்டது என்று தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தரவேண்டும், அல்லது இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்பு வாரில் கயிறு கட்டியிருக்க, அதன் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்கவேண்டும். உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு இருபத்து நான்கு வோல்ட்டுக்கு மேற்படலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. சட்டங்கள் தொகுக்கப்படலாம், பெயர் மாறலாம். அந்தக் கயிற்றின் தேவை மாறுவதில்லை. மேஸ்திரி தம் குழுவில் கயிறு பிடிக்கும் வேலையைச் சின்னப் பையன்களிடம் கொடுப்பதில்லை. "உள்ள போறவனுக்கு ரெண்டு கண்ணு போதும். வெளிய நிக்கிறவனுக்கு நாலு கண்ணு வேணும்" என்பார். ஆனால் கூலிக் கணக்கில், வெளியே நிற்பவர் 'சும்மா நிற்பவர்' என்றே பல இடங்களில் எழுதப்படுகிறார். செலவைக் குறைக்கும்போது முதலில் குறைக்கப்படுபவரும் அவரே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் நடந்ததை மேஸ்திரி நம் வராந்தாவில் அமர்ந்து சொன்னார். ஆலையின் பெயர் வேண்டாம். கந்தக அமிலத் தொட்டி ஒன்றின் பக்கச்சுவர் கசியத் தொடங்கியிருந்தது. உற்பத்தியை நிறுத்த மேலிடத்துக்கு மனமில்லை. 'அமிலம் உள்ளே இருக்கட்டும். வெளியிலிருந்து ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்துவிடு' என்றார்கள். மேஸ்திரி மறுத்தார். காலி செய்து திறந்தால் செய்கிறேன், இல்லையேல் இல்லை என்றார். அன்று மாலையே அவரும் குழுவினர் ஐவரும் ஊர் திரும்பவேண்டியதாயிற்று. ஐவருள் ஒருவர் மகள் திருமணத்துக்கு அந்த வேலையையே நம்பியிருந்தார். அவர் அதன்பின் ஓராண்டுக்கு மேஸ்திரியோடு பேசவில்லை.

வேறொரு குழு வந்தது. ஒரே இரவில் பற்றவைத்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

இந்த 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதே அவரை வருத்தியது. ஏதாவது நடந்திருந்தால் அவர் தீர்க்கதரிசியாகியிருப்பார். நடக்காததால் பயந்தாங்கொள்ளியானார், ஊரில் சிலர் அப்படியே அழைத்தும் விட்டார்கள். நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. "நான் செஞ்சது சரியா சாமி?" என்று கேட்டார். நாம் உடனே விடை சொல்லவில்லை. "அன்றிரவு அந்த வேலை அபாயமற்றதாக இருந்ததா?" என்று மட்டும் கேட்டோம். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "வைக்கோல் போருக்குப் பக்கத்துல அடுப்பு மூட்டினாங்க. காத்து வேற பக்கம் அடிச்சுது. அதனால வைக்கோல் பத்தாதுன்னு ஆயிடுமா?" விளைவை மட்டும் கொண்டு ஒரு செயலை எடைபோடலாகாது என்று அறநெறி இறையியல் வகுப்பில் பல மணி நேரம் பயின்றதை, அவர் ஒரு வைக்கோல் போரைக் கொண்டு முடித்துவிட்டார்.

காற்று இந்தப் பக்கமே அடித்த நாளும் உண்டு. 2001ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள், அமெரிக்காவில் டெலவேர் நகர எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், கந்தக அமிலத் தொட்டிகளின்மேல் அமைந்த நடைபாதையைத் தொழிலாளர்கள் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தொட்டியின் கூரையிலும் சுவரிலும் அரிப்பினால் துளைகள் விழுந்திருந்தன. ஒழுக்கு பலமுறை கண்டறியப்பட்டு ஒட்டுப்போடப்பட்டிருந்தது. உள்ளே திறந்து ஆய்வு செய்யவேண்டும் என்ற பரிந்துரை ஆண்டுதோறும் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. துளைவழியே எழுந்த ஆவியில் வெல்டிங் வேலையின் பொறி பட்டது. தொட்டி அடியிலிருந்து பெயர்ந்தது. ஒருவர் இறந்தார், எண்மர் காயமுற்றனர், பேரளவு அமிலம் டெலவேர் ஆற்றில் கலந்தது. அந்த ஆலையிலும் அதற்கு முந்தைய நாள்வரை ஒன்றும் நடக்காமல்தான் இருந்தது.

நம் நாட்டுக்குப் போபாலைவிடப் பெரிய பாடம் தேவையில்லை. 1984ஆம் ஆண்டு திசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டிக்குள் நீர் புகுந்து, ஏறத்தாழ நாற்பது டன் மீத்தைல் ஐசோசயனேட்டு கொதித்தெழுந்தது. உலோகம் அரித்து வந்த இரும்பு அக்கொதிப்பை விரைவுபடுத்தியது என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். வெளியேறும் நச்சை எரித்துவிடவேண்டிய எரிகோபுரம் ஒன்று அங்கே இருந்தது. அன்றிரவு அது பயன்படவில்லை. காரணம், அதற்குச் செல்லும் குழாயில் துருப்பிடித்த ஒரு துண்டைக் கழற்றியிருந்தார்கள். மாற்றுத் துண்டு பொருத்தப்படவில்லை. சில அடி நீளக் குழாய்! ஆயிரக்கணக்கான மக்கள் உறக்கத்திலேயே மாண்ட அந்த இரவின் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, யாரோ ஒருவர் 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டுவைத்த ஒரு பழுது.

'பிறகு பார்க்கலாம்' என்பது செலவில்லாத சொல்லாகத் தோன்றுகிறது. உண்மையில் அதற்கும் விலை உண்டு. சொன்னவர் அதைக் கொடுப்பதில்லை என்பதே வேற்றுமை. தள்ளி வைத்த ஒவ்வொரு பழுதும் தகட்டின் கனத்திலிருந்து சிறிது எடுத்துக்கொள்கிறது. என்றோ ஒரு நாள் அந்தக் கணக்கைத் தீர்க்க, கணக்கே தெரியாத ஒருவர் ஆள்துளை வழியாக உள்ளே இறங்குகிறார். அவர் பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளியாக இருப்பதில்லை. ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தவர். உப்பளத்திலோ வயலிலோ வேலை இல்லாத மாதங்களில் வந்தவர். 'முடியாது' என்று சொன்னால் அடுத்த ஆண்டு அழைப்பு வராது என்று அறிந்தவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் நாட்டில், உப்பு விளைவித்தவரின் மகனை யார் நினைப்பது?

ஆகவே வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் ஆலை நடத்துபவர்கள் அல்லர். ஆனால் ஆலைகளுக்கு அருகில் வாழ்கிறோம். கிராம சபைக் கூட்டங்களில் அமர்கிறோம். சிலர் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துகிறோம். நம் கூரைகளின்மேலும் தொட்டிகள் நிற்கின்றன. அவற்றின்முன் நிற்கும்போது, 'எப்போது வண்ணம் பூசினீர்கள்?' என்று கேட்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். 'கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? என்ன கனம் இருந்தது? அந்த எண்ணை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? உள்ளே இறங்கியவரின் கயிற்றை யார் பிடித்திருந்தார்?' என்று கேட்போம். இக்கேள்விகளுக்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. ஒருவர் கேட்டால் தொல்லை என்பார்கள். ஊரே கேட்டால் பதிவேடு திறக்கப்படும்.

அன்று பேசாமற் போன அந்த நண்பர் இப்போது மேஸ்திரியோடு பேசுகிறார். அவருடைய மகன் மீயொலிக் கருவியைக் கையாளப் பயிற்சி பெற்று, தொட்டி ஆய்வு வேலைக்குப் போகிறான். தகட்டின்மேல் அவன் எழுதும் எண்களைப் பற்றி மேஸ்திரிக்கு ஒரே ஓர் அறிவுரைதான் உண்டு: "கொறைஞ்சிருந்தா கொறைஞ்சிருக்குன்னு எழுதுடா தம்பி. நீ ரெண்டு கூட்டி எழுதினா, அந்த ரெண்டு அங்க இருக்காது. உள்ள இறங்குறவன்தான் இருப்பான்."